ஒரு பிள்ளையை எத்தனை பேர் விசாரிப்பீர்கள்? குழந்தைகள் பாதுகாப்பு வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுக்களில் இப்போது இளவட்டங்கள் நிறையப் பேர் சேர்கிறார்கள். சந்தோஷம். ஊராட்சித் தலைவர் பெயரில் ஒரு கையெழுத்து நோட்டும் நாலு பழைய தீர்மானமுமாக நின்றுபோன குழுக்கள் பல. அவற்றுக்கு உயிர் வந்தால் நல்லதுதான். ஆனால் முன்பு இருந்தவர்கள் செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

பிள்ளையை அடிக்காதே, மிரட்டாதே, சாதி பார்க்காதே என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் இந்த வேலைக்கே வரக்கூடாது. நல்ல மனசோடு வருகிறவர்கள் நல்லது என்று நினைத்தே செய்கிற காரியங்களைப் பற்றித்தான் சொல்கிறேன்.

திருவிழாவில் மைக்கைப் பிடிப்பது

குன்றக்குடி பங்குனி உத்திரம், பிள்ளையார்பட்டி சதுர்த்தி, காரைக்குடி கொப்புடையம்மன் திருவிழா, எதுவானாலும் கூட்டத்தில் ஒரு பிள்ளையாவது கை நழுவிப் போகும். உடனே மைக்கில், "மஞ்சள் சட்டை, நீல டவுசர், பெயர் இன்னது, அப்பா பெயர் இன்னது" என்று முழு விவரத்தையும் சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் வந்து கேட்கிறவர் பெற்றவர்தானா என்று சோதிக்க உங்கள் கையில் என்ன மிச்சம் இருக்கிறது? "ஒரு குழந்தை எங்களிடம் பத்திரமாக இருக்கிறது, தேடுகிறவர்கள் வாருங்கள்" என்பது போதும். பெயர், சட்டை நிறம், காலில் என்ன போட்டிருந்தது என்பதையெல்லாம் வந்தவர் சொல்லட்டும். பிள்ளை அவரைப் பார்த்ததும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்கிறதா, ஒதுங்குகிறதா என்றும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் பிள்ளை போலீஸ் உதவி மையத்திலேயே இருக்கட்டும். யாரும் தேடி வரவில்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு (நம் கிராமக் குழு இல்லை, மாவட்ட அளவில் சட்டப்படி அமைத்தது) முன்பு கொண்டுபோக வேண்டும்.

பிள்ளையை ஆளாளுக்கு விசாரிப்பது

எனக்கு இன்னமும் எரிச்சல் வருவது இதில்தான். ஒரு பிள்ளை தனக்கு நடந்த கொடுமையை யாரிடமாவது ஒரு தடவை வாய் திறந்து சொல்லிவிட்டால் போதும், அதன் பிறகு அந்த ஊரில் உள்ள பெரியவர்கள் எல்லாருக்கும் அதை நேரில் கேட்டாக வேண்டும்.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர், வகுப்பு, உறவுமுறை எல்லாம் மாற்றியிருக்கிறேன். ஏழாவது படிக்கிற பிள்ளை. மத்தியானச் சாப்பாடு முடிந்து தட்டுக் கழுவும்போது சத்துணவு அக்காவிடம், "எனக்கு வீட்டுக்குப் போகவே பிடிக்கலக்கா, மாமா வந்திருக்காரு" என்றது. "ஏத்தா, என்ன ஆச்சு?" என்று மட்டும் அவர் கேட்டார். பிள்ளை சொன்னதை இடையில் பேசாமல் கேட்டுக்கொண்டார். "சொன்னது நல்லதுத்தா. ஒன் மேல ஒரு தப்பும் இல்ல" என்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய் ஒரு டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னார். இந்தக் கதையில் எல்லாம் சரியாகச் செய்த ஒரே ஆள் அவர்தான். அவருக்கு எந்தப் பயிற்சி வகுப்பும் யாரும் நடத்தியதில்லை.

டீச்சர் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு முதலிலிருந்து கேட்டார். பிறகு தலைமையாசிரியர் அறையில் மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகத்திலிருந்து ஒருவர் வந்து, "நல்லா யோசிச்சுச் சொல்லு, பெரிய பிரச்சினையாயிரும்" என்றார். வீட்டில் பெரியம்மா கேட்டார். கடைசியாக, குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, ஆதாரம் வேண்டுமே என்று செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டே கேட்டார். "மாமாதானே?" "பொங்கல் லீவுலதானே?" "அப்ப அம்மா கடைக்குப் போயிருந்தாங்க, அப்படித்தானே?" பதிலையும் அவரே சொல்லிக் கேட்டார். பிள்ளை தலையை ஆட்டியது.

டீச்சரிடம் அரையாண்டு லீவு என்று சொன்னது வீடியோவில் பொங்கல் லீவு ஆகிவிட்டது. பெரியம்மாவிடம் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லியிருந்தது. (வீட்டில் நாலு பேர் நிற்க, "குடும்ப மானம் போயிரும், உண்மையைச் சொல்லு" என்று கேட்டால் யார்தான் சொல்வார்கள்?) வழக்கு நடந்தது. போக்சோ சட்டத்தில் (பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) எதிர்த்தரப்பு வக்கீல் பிள்ளையை நேரடியாக மடக்க முடியாது. கேள்விகளை நீதிபதியிடம் சொல்ல வேண்டும், நீதிபதிதான் பிள்ளையிடம் கேட்பார். குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளையின் கண்ணில் படக்கூடாது. இத்தனை பாதுகாப்பு இருந்தும் அந்த வக்கீலுக்குப் பெரிய வேலையே இருக்கவில்லை. அவருக்கு வேண்டிய முரண்பாடுகளை எல்லாம் நம் ஆட்களே தயார் செய்து கொடுத்திருந்தார்கள். சந்தேகத்தின் பலன் மாமாவுக்குப் போனது.

பிள்ளை பொய் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் "திரும்பச் சொல்லு" என்றால் முதலில் சொன்ன விடை தப்பு என்று அர்த்தம். அப்படியே பழகிய பிள்ளை, பெரியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும்போது, அவர்களுக்கு வேறு பதில் வேண்டும் போலிருக்கிறது என்று மாற்றிச் சொல்கிறது. "தானே?" என்று கேட்டால் ஆமாம் என்கிறது. முகத்தைச் சுளித்தால் பின்வாங்கிக்கொள்கிறது. தேதி, மாதமெல்லாம் அந்த வயதில் பரீட்சையையும் லீவையும் வைத்துத்தான் நினைவிருக்கும். அதைக் கிளறக் கிளறக் குழம்பும். இதெல்லாம் ஒரு பக்கம் என்றால், மறக்க நினைப்பதை ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறதே, அது தனிக் கொடுமை.

2012-இல் வந்த அந்தச் சட்டம் இதையெல்லாம் யோசித்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ, அது விரும்புகிற இடத்திலோ வாங்க வேண்டும். கூடுமானவரை சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் போலீஸ், யூனிஃபார்ம் போடாமல் வந்து வாங்க வேண்டும். பெற்றோரோ, பிள்ளை நம்புகிற வேறு ஒருவரோ கூட இருக்க வேண்டும். பிள்ளையை ராத்திரியில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். சாட்சி சொல்லத் திரும்பத் திரும்பக் கோர்ட்டுக்கு இழுக்கக் கூடாது. சட்டம் இவ்வளவு பதமாகக் கையாளச் சொல்கிற பிள்ளையை, ஸ்டேஷனுக்குத் தகவல் போவதற்கு முன்பே நாம் சக்கையாகப் பிழிந்துவிடுகிறோம்.

சரி, என்னதான் செய்வது? பிள்ளை தானாகச் சொன்னால் கேளுங்கள். நிறுத்தினால் விட்டுவிடுங்கள். மிஞ்சிப்போனால் "அப்புறம்?" என்று ஒரு வார்த்தை. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள், சொல்லித்தான் ஆக வேண்டும். "உனக்கு உதவி செய்யறவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்" என்று உண்மையைச் சொல்லுங்கள். பிறகு தனியாக உட்கார்ந்து, பிள்ளை சொன்ன வார்த்தைகளிலேயே, கொச்சையாக இருந்தாலும் திருத்தாமல், எழுதி வையுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எங்கே வைத்துச் சொன்னது, கூட யார் இருந்தார்கள் என்பதும் இருக்கட்டும். வீடியோ வேண்டாம். அன்றைக்கே போலீசுக்குத் தெரிவியுங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்தால் அவர்களும் தெரிவிப்பார்கள்தான். ஆனால் தெரிந்தவர் சொல்லாமல் இருந்தால் 6 மாதம் வரை சிறை, நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழ் வேலை செய்கிறவர் செய்ததை மறைத்தால் ஓர் ஆண்டு வரை. "முதலில் உண்மையா என்று தெரிந்துகொண்டு புகார் கொடுக்கலாம்" என்பது தலைமையாசிரியர்கள் வழக்கமாகச் சொல்வது. சந்தேகம் இருந்தாலே சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். உண்மையைக் கண்டுபிடிப்பது போலீஸ் வேலை. நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது.

நீங்கள் அவசரமாகப் பதில் தேட வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இன்று ராத்திரி அந்தப் பிள்ளை எந்த வீட்டில் படுக்கப் போகிறது? அந்த மாமா அங்கே இருப்பாரா? இதைப் பிள்ளையிடம் கேட்க வேண்டியதில்லை.

வாட்ஸ்அப்பில் போட்டோ

போடாதீர்கள். முகத்தை மறைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பெயரைப் போட்டாலும் குற்றம்தான்.

முகூர்த்த நேரத்தில் மண்டபத்தில் போய் நிற்பது

பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 ஆகவில்லை என்று தெரிந்ததும், முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போலீஸ் ஜீப்போடு போய் இறங்குவதில் ஒரு சினிமாத்தனமான ஆசை நம் இளவட்டங்களுக்கு. இரண்டு வீட்டாரும் "நடத்த மாட்டோம்" என்று எழுதிக் கொடுப்பார்கள். ஜீப் திரும்பும். அடுத்த வாரம் வேறு ஏதாவது ஊர்க் கோவிலில் தாலி ஏறியிருக்கும்.

கல்யாணம் திடீரென்று முளைப்பதில்லை. பத்திரிகை அடிக்கிற பிரஸ், சமையல் மாஸ்டர், பந்தல்காரர் எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். அவர்களோடு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்ததும் மாவட்டச் சமூக நல அலுவலருக்குச் சொல்லுங்கள். குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் அவர்தான். மாஜிஸ்திரேட்டிடம் தடை உத்தரவு வாங்க முடியும். அந்த உத்தரவை மீறி நடந்த குழந்தைத் திருமணம் செல்லவே செல்லாது. எழுதிக் கொடுத்த வெள்ளைத் தாளுக்கு அந்தப் பலம் கிடையாது.

வயதுக்கு ஜாதகத்தை நீட்டுவார்கள். ஆதாரையும் நீட்டுவார்கள். வயதைத் தீர்மானிக்க இளைஞர் நீதிச் சட்டம் (பிள்ளைகளின் பராமரிப்பு, பாதுகாப்புக்கான சட்டம்) சொல்கிற வரிசையில் இரண்டுமே இல்லை: முதலில் பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று, அது இல்லையென்றால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று, அதுவும் இல்லையென்றால் மட்டும் எலும்புப் பரிசோதனை. கல்யாணம் நின்ற பெண் மறு வாரம் பள்ளிக்கூடம் போகிறாளா என்று பார்க்க மறந்துவிடாதீர்கள். வீட்டில் உட்கார்ந்துவிட்டால் தேதி மட்டும்தான் தள்ளிப்போயிருக்கிறது.

"அண்ணன் மகன்தாங்க"

செட்டிநாட்டுக் கல்யாணங்களில் பந்தி பரிமாற, இலை எடுக்க, பாத்திரம் கழுவ வருகிற கூட்டத்தில் மீசை முளைக்காத பையன்கள் இருப்பார்கள். கேட்டால் காண்ட்ராக்டர் "அண்ணன் மகன்" என்பார். புதியவர்கள் சமாதானமாகித் திரும்பிவிடுகிறார்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு விலக்கு உண்டு. சித்தப்பா, பெரியப்பா, அத்தை, தாய்மாமன் வரைக்கும் குடும்பம் என்றே கணக்கு. ஆனால் ஆபத்தில்லாத வேலையாக இருக்க வேண்டும், பள்ளி நேரம் போக மிச்ச நேரத்திலோ விடுமுறையிலோ மட்டும்தான். புதன்கிழமை காலை முகூர்த்தத்தில் இலை எடுக்கிற பையனுக்கு இந்த விலக்கு பொருந்தாது. அண்ணன் மகன் என்றால் அண்ணன் பெயரைக் காண்ட்ராக்டரிடமும், அப்பா பெயரைப் பையனிடமும் தனித்தனியாகக் கேளுங்கள், அது போதும்.

இன்னொன்று. பையனை மீட்டுவிட்டு, அலுவலக வராந்தாவில் ராத்திரி ஒன்பது மணி வரை பட்டினியாக உட்கார வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலை செய்த இடத்தில் அவனுக்கு மூன்று வேளைச் சோறாவது இருந்தது. எங்கே தங்குவான், யார் அழைத்துப் போவார்கள், சம்பளப் பாக்கியை யார் கேட்பார்கள் என்று முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள்.

பிள்ளையில்லாத வீட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்று யோசிப்பது

கைவிடப்பட்ட குழந்தை கிடைத்ததும், "எனக்குத் தெரிஞ்ச நல்ல குடும்பம் ஒண்ணு இருக்கு" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். நகரத்தார் வீடுகளில் சுவீகாரம், அதாவது தத்து, எடுக்கிற வழக்கம் பழையது. அதைப் பார்த்துப் பழகிய ஊர் என்பதால் இந்தப் பேச்சு இங்கே இயல்பாக வருகிறது. ஆனால் அது பெற்றவர்கள் கொடுக்க, எடுக்கிறவர்கள் வாங்கிக்கொள்வது. பஸ் ஸ்டாண்டில் கிடைத்த பிள்ளையைக் கொடுக்க நீங்கள் யார்? குழந்தைகள் நலக் குழு விசாரித்து, பெற்றவர்களைத் தேடி, தத்துக்குத் தகுதியானது என்று அறிவிக்க வேண்டும். அதற்கு இரண்டு வயது வரையுள்ள குழந்தை என்றால் இரண்டு மாதம், அதற்கு மேல் என்றால் நாலு மாதம் வரை அவகாசம். தெரிந்த நல்ல குடும்பம் முறைப்படி பதிவு செய்துகொண்டு வரிசையில் வரட்டும்.

எந்த மாவட்டம் என்று பேசிக்கொண்டிருப்பது

செட்டிநாடு இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது. காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் எல்லாம் சிவகங்கை. கொஞ்சம் தள்ளி கோனாபட்டு, ராயவரம் என்றால் புதுக்கோட்டை. பிள்ளையின் வீடு அங்கே, சம்பவம் இங்கே, பள்ளிக்கூடம் இன்னொரு இடம் என்று வந்தால் புதியவர்கள் இரண்டு பக்கமும் போன் போட்டே ஒரு பகலைத் தீர்த்துவிடுகிறார்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம், வாங்க மாட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. பிள்ளை இப்போது நிற்கிற இடத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போங்கள். கோப்பு எந்த மாவட்டத்துக்குப் போக வேண்டும் என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.