குமானோ கோதோ: நான் விழுந்த குழியிலேயே நீங்களும் விழ வேண்டாம்

ஊரிலிருந்து வரப்போகிற தம்பி ஒருவர் ஜப்பானின் பழைய யாத்திரை மலைப்பாதையான குமானோ கோதோவில் நடக்கப் போட்ட தன் பயணத் திட்டத்தை அனுப்பி, பார்த்துச் சொல்லுங்கண்ணா என்றார். ஒசாகாவிலிருந்து முதல் தடவை கிளம்பியபோது நான் போட்ட அதே திட்டம், அதே ஓட்டைகள். நல்ல ஷூ, மழைக்கோட்டு, தண்ணீர் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுங்கள்.

கூகுள் மேப்பை நம்பி நேரம் போடுவது

பாதை தொடங்கும் தக்கிஜிரியிலிருந்து முதல் இரவு தங்கும் சிக்காட்சுயு கிராமம் 13 கிலோமீட்டர்தானே, மூன்றரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று நினைப்போம். கிளம்பிய இடத்திலேயே மலை செங்குத்தாக ஏறும், மர வேர்கள்தான் படிக்கட்டு. ஆறு மணி நேரமாவது வையுங்கள். நவம்பரில் ஐந்து மணிவாக்கிலேயே சூரியன் போய்விடும், சீடார் மரக் காட்டுக்குள் அதற்கும் முன்பே இருட்டு. வழியில் 500 மீட்டருக்கு ஒரு எண் போட்ட கம்பம் நிற்கும். இரண்டு கம்பங்களுக்கு நடுவே எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்தால் உங்கள் உண்மையான வேகம் தெரிந்துவிடும்.

பஸ் அட்டவணையில் தப்பான கட்டத்தைப் பார்ப்பது

இதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல்தான். 2023 நவம்பர் 23, வியாழக்கிழமை. யாத்திரை போய்ச் சேரும் ஹோங்கு கோயிலை நிதானமாகச் சுற்றிவிட்டு, கீ-தனாபே ரயில் நிலையத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்கு நின்றேன். வார நாள் கட்டத்தைப் பார்த்து, செல்போனில் படமும் எடுத்து வைத்திருந்தேன். இருபது நிமிடம் ஆயிற்று, ஆள் நடமாட்டமே இல்லை. எதிரே கடையை அடைத்துக்கொண்டிருந்த பாட்டி மெதுவாக வந்து, நான் பார்த்த கட்டத்தின் மேல் விரலை வைத்து இல்லை என்று தலையாட்டினார். பிறகு பக்கத்துக் கட்டத்தைத் தொட்டு "ஷுகுஜிட்சு" என்றார். அரசு விடுமுறை. நவம்பர் 23 ஜப்பானில் உழைப்புக்கு நன்றி சொல்லும் நாள், வியாழனோ வெள்ளியோ அன்றைக்கு சனி, ஞாயிறு அட்டவணைதான் ஓடும். கோயிலுக்கு எதிரே உட்கார்ந்து மோச்சி என்ற அரிசிப் பலகாரத்தைத் தின்றுகொண்டிருந்தபோது என் கண்ணெதிரே போன பஸ்தான் அன்றைய கடைசி பஸ்.

பாட்டியே டாக்சிக்கு போன் செய்தார். பஸ்ஸில் போனாலே இரண்டு மணி நேரம் பிடிக்கும் தூரம், மீட்டர் இருபதாயிரம் யென்னைத் தாண்டும்வரை அதையே வெறித்துக்கொண்டு வந்தேன். ஒரு கட்டத்தைத் தள்ளிப் படித்திருந்தால் அந்தப் பணத்தில் யுனோமினே வெந்நீர் ஊற்றில் இன்னொரு இரவு தங்கி, ஊற்றிலேயே முட்டை வேகவைத்துத் தின்றிருக்கலாம்.

அதனால் போகிற தேதி விடுமுறையா என்று ஜப்பான் நாட்காட்டியில் பாருங்கள். "ஹெய்ஜிட்சு" என்றால் வார நாள், "தோ-நிச்சி-ஷுகு" என்றால் சனி, ஞாயிறு, விடுமுறை. இந்த இரண்டின் எழுத்து வடிவத்தையும் போனில் சேமித்து வையுங்கள். ஒரே சாலையில் வெவ்வேறு கம்பெனி பஸ்கள் ஓடும், அட்டவணையும் தனித்தனி. கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள், அதற்கு முந்தையதைக் கணக்கில் வையுங்கள்.

பத்தாயிரம் யென் நோட்டோடு பஸ் ஏறுவது

ஏறாதீர்கள். ஆயிரம் யென் நோட்டும் சில்லறையும் வேண்டும்.

பெட்டியை மலைமேல் சுமப்பது

அடுத்த விடுதிக்கு அனுப்பிவிடுங்கள். அதற்கென்றே ஆள் இருக்கிறார்கள்.

"இறைச்சி சாப்பிட மாட்டேன்" என்று மட்டும் சொல்வது

சொன்னால் மீன் வரும். மீனும் வேண்டாம் என்றால் மிசோ சூப் வரும், அதற்குள் மீனைக் கொதிக்கவைத்து வடித்த தாஷி என்ற சாறு இருக்கும். முன்பதிவு செய்யும்போதே தாஷி என்ற சொல்லைப் போட்டு எழுதுங்கள். அன்று மாலை போய் நின்று சொன்னால் சமையற்கார அம்மாதான் பாவம், வெறும் சோறும் ஊறுகாயும் வைத்துவிட்டு நாலு தடவை மன்னிப்புக் கேட்பார்.