மரக்காளானிலிருந்து தீப்பஞ்சு

பிர்ச், பீச் போன்ற மரங்களின் தண்டில் குதிரைக் குளம்பு வடிவில் ஒட்டி வளரும் சாம்பல் நிறக் காளானின் கடினமான மேலோட்டுக்கும் அடியிலுள்ள நுண்குழாய்ப் பகுதிக்கும் இடையே, தொட்டால் மான்தோல் போலிருக்கும் பழுப்பு நிறச் சதைப்பகுதி ஒன்று உண்டு. தீப்பொறியைப் பிடித்துக் கனலும் தீப்பஞ்சாவது அதுவே. காளானை நீரில் ஊறவைத்து இளக்கிய பின், அப்பகுதியை மட்டும் மெல்லிய வில்லைகளாகச் சீவி, மரச்சாம்பல் கரைத்து வடிகட்டிய நீரில் சில மணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும். அந்நீர் தோலை அரிக்கும் என்பதால் கையுறை அவசியம்.

பிறகு நன்கு அலசி, ஈரம் முழுதும் போகும் முன்பே மரச்சுத்தியலால் மெதுவாகத் தட்டி விரித்து, விரல்களால் கசக்கிக்கொண்டே உலர்த்துங்கள். பலர் அவசரப்படுவது இங்கேதான். கசக்காமல் உலர்ந்த வில்லை மரப்பட்டைபோல் விறைத்துவிடும். 1991-இல் ஆல்ப்ஸ் மலையில் கண்டெடுக்கப்பட்ட, பனியில் உறைந்து கிடந்த, சுமார் 5,300 ஆண்டுகள் பழமையான உடலான ‘ஓட்சி’ மனிதனின் உடைமைகளிலும் இக்காளான் இருந்தது.

சிக்கிமுக்கிக் கல்லின் விளிம்பில் உலர்ந்த வில்லையின் நுனியை வைத்து, கல்லை எஃகால் உரசினால், அதில் விழும் பொறி சுடர் எழாமல் கங்காகக் கனன்று பரவும். அதை உலர்ந்த புல்லுக்குள் பொதிந்து ஊதினால் தீ மூளும். மிஞ்சிய துண்டின் கனன்ற நுனியை வெட்டி நீரில் அமிழ்த்திவிட்டே துண்டைப் பையில் வையுங்கள்.