அரிய நோய் அரிதாகத் தெரிவதில்லை: கண்டறிவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரிய நோய் என்றதும் பலர் எதிர்பார்ப்பது, யாரும் கண்டிராத ஏதோ ஓர் அறிகுறியை. மருத்துவமனையில் நடப்பது வேறு. ஒருவர் வயிற்றுவலி என்று வருகிறார். இன்னொருவர் உள்ளங்கை எரிகிறது என்கிறார். மகனுக்குப் படிப்பில் திடீரென்று கவனம் போய்விட்டது என்று ஒரு தாய் வருந்துகிறார். எல்லாமே நாள்தோறும் கேட்கிற தொல்லைகள்தான். பெரும்பாலானவர்களுக்குக் காரணமும் சாதாரணமானதாகவே இருக்கும். மிஞ்சுகிற அந்த ஒருவர் தவறிப்போவதற்கு நோயின் பெயர் தெரியாதது சிறு காரணம். பொருந்தாத ஒரு குறிப்பு கண்ணில் பட்ட பிறகும் அதை ஒதுக்கிவிட்டு விசாரணையை முடித்துக்கொள்வதுதான் பெரிய காரணம்.

ஐரோப்பிய ஒன்றியம் 10,000 பேரில் 5 பேருக்கு மேல் காணப்படாத நோயை அரிய நோய் என்கிறது. அமெரிக்காவில் நாடு முழுவதும் 2 லட்சம் பேருக்குக் குறைவானவர்களிடம் இருக்கும் நோய் அந்தக் கணக்கில் சேரும். இத்தகைய நோய்கள் 6,000-க்கும் மேல் பதிவாகியிருக்கின்றன. எல்லாவற்றையும் கூட்டினால் உலகில் சுமார் 30 கோடிப் பேர். குறிப்பிட்ட ஓர் அரிய நோயை ஒரு முறைகூடப் பார்க்காமல் ஒரு மருத்துவர் ஓய்வுபெறலாம். எந்த அரிய நோயையுமே பார்க்காமல் ஓய்வுபெறுவது கடினம். பார்த்தும் அடையாளம் தெரியாமல் அனுப்பியிருக்கலாம், அது வேறு கதை.

வலி தணிந்ததும் விசாரணையை முடிப்பது

கடும் வயிற்றுவலியோடு வருபவரிடம், அறுவை சிகிச்சை தேவைப்படும் காரணங்களை முதலில் தேடுவது சரியான நடைமுறை. தவறு அதற்குப் பிறகுதான் நேர்கிறது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. வெட்டி எடுத்த குடல்வாலும் நன்றாகவே இருந்தது. இரண்டொரு நாளில் வலி போய்விட, நோயாளி வீடு திரும்புகிறார். சில மாதங்களில் அதே வலி மீண்டும் வருகிறது. விட்டுவிட்டு வரும் கடும் போர்ஃபைரியா என்ற நோய் இப்படித்தான் ஆண்டுக்கணக்கில் மறைந்திருக்கும்.

ஹீம் என்னும் பொருளைக் கல்லீரல் தயாரிக்கும் வழியில் ஒரு நொதி குறைவாக இருப்பதால், இடையில் உருவாகும் வேதிப்பொருள்கள் தேங்கி நரம்புகளைப் பாதிக்கின்றன. நோயாளி வலியில் துடிக்கிறார்; வயிற்றை அழுத்திப் பார்த்தாலோ மென்மையாக இருக்கிறது. அந்த முரண்பாடுதான் முக்கியமான குறிப்பு. மலச்சிக்கல், வேகமான நாடி, ரத்தத்தில் சோடியம் குறைவு, மனக்குழப்பம், கை கால் தளர்ச்சி ஆகியவற்றில் சில கூடவே இருந்தால் சந்தேகம் வலுக்க வேண்டும்.

சோதனை எளியது. சிறுநீரில் போர்ஃபோபிலினோஜன் என்ற பொருளின் அளவைப் பார்க்க வேண்டும். ஆனால் வலி இருக்கும்போதே மாதிரி எடுக்க வேண்டும். வெளிச்சம் படாமல் அது ஆய்வகத்துக்குப் போக வேண்டும். வலி நின்று வெகுநாள் கழித்துச் சோதித்து, ‘இயல்பு’ என்று கோப்பில் எழுதிவிட்டால், அடுத்து வரும் மருத்துவரும் அந்தத் திசையில் யோசிக்க மாட்டார். உடல் இளைப்பதற்காகப் பட்டினி கிடப்பதும் இந்த நோயைத் தூண்டும், சில மருந்துகளும் தூண்டும். வலியின் நடுவே வலிப்பு வந்து, வழக்கப்படி ஃபெனிட்டாயின் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம்.

இதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது பரம்பரை ஆஞ்சியோஎடிமா. உதடு, கண்ணிமை, கை ஆகியவை வீங்கும். குடல் வீங்கினால் வயிற்றுவலி. தொண்டை வீங்கினால் உயிருக்கு ஆபத்து. ஒவ்வாமை என்று கருதி ஒவ்வாமை மாத்திரை, ஸ்டீராய்டு, அட்ரினலின் எல்லாம் கொடுப்பார்கள். பயன் இருக்காது. ஏனென்றால் இங்கே வீக்கத்தை உண்டாக்குவது ஒவ்வாமையில் சுரக்கும் ஹிஸ்டமின் இல்லை, பிராடிகினின் என்ற வேறொரு பொருள். அரிப்பும் தடிப்பும் இல்லாத வீக்கம், ஒவ்வாமை மருந்துக்கு அசையாத வீக்கம் என்றால் ரத்தத்தில் ‘சி4’ என்ற புரதத்தின் அளவையாவது பார்த்துவிட வேண்டும். மருந்து வேலை செய்யவில்லை என்பதும் ஒரு பரிசோதனை முடிவுதான். அதை நோயாளியின் பிடிவாதமாகவோ மிகைப்படுத்தலாகவோ எடுத்துக்கொள்பவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

‘எல்லாம் மனசுதான்’

எல்லாத் தவறுகளிலும் நீண்ட காலம் கெடுதல் செய்வது இது என்பேன். சோதனைகளில் ஒன்றும் தெரியவில்லை, ஆகவே மனப்பதற்றம் என்று முடிவு கட்டுவது. மனநோயும் உண்மையான நோய்தான். அதைக் கண்டறிவதற்கென்று தனி அளவுகோல்கள் இருக்கின்றன. அவற்றைப் பொருத்திப் பார்க்காமல், வேறு எதுவும் அகப்படாததால் மட்டும் அந்தப் பெயரைச் சூட்டுவது மனநல மருத்துவத்துக்கும் செய்யும் அவமதிப்பு.

வில்சன் நோயை எடுத்துக்கொள்வோம். 1912-இல் கின்னியர் வில்சன் விவரித்த இந்த நோயில், செம்பை உடல் வெளியேற்ற முடியாமல் அது கல்லீரலிலும் மூளையிலும் படிகிறது. நன்றாகப் படித்த பிள்ளையின் மதிப்பெண் சரியும். கையெழுத்து கோணும். பேச்சு குழறும், கோபம் கூடும். வயதுக்கோளாறு என்று வீட்டாரும், மனச்சோர்வு என்று மருத்துவரும் நினைத்துக்கொள்ளும் வாய்ப்பு மிக அதிகம். கருவிழியின் ஓரத்தில் பழுப்பு வளையம் இல்லையே என்று விட்டுவிடுவதும் தவறு. நரம்புக் கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலோரிடம் அது இருக்கும். கல்லீரல் மட்டும் பாதிக்கப்பட்டவர்களில் பலரிடம் இருக்காது. ஸ்லிட் லேம்ப் கருவியால் கண் மருத்துவர் பார்த்தால்தான் உறுதி. செம்பைச் சுமக்கும் ரத்தப் புரதமான செருலோபிளாஸ்மின் இந்த நோயில் வழக்கமாகக் குறையும்; ஆனால் உடலில் அழற்சி இருக்கும்போது அதன் அளவு உயர்ந்து, இயல்புபோல் ஏமாற்றலாம். ஒருவருக்கு உறுதியானால், உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நோய் இருக்கும் வாய்ப்பு 25 சதவீதம். அறிகுறி இல்லாவிட்டாலும் அவர்களைச் சோதிக்க வேண்டும். இந்த நோய்க்கு மருந்து உண்டு. மருந்து உள்ள அரிய நோய்களைத்தான் முதலில் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

உடலின் நோயெதிர்ப்பே மூளையைத் தாக்கும், 2007-இல் விவரிக்கப்பட்ட என்.எம்.டி.ஏ. ஏற்பி எதிர்ப்பொருள் மூளையழற்சி இன்னோர் எடுத்துக்காட்டு. அதுவரை நலமாக இருந்த இளம்பெண்ணுக்குச் சில நாட்களில் பிரமை, அச்சம், தூக்கமின்மை. பிறகு வலிப்பு, வாயிலும் முகத்திலும் விநோத அசைவுகள். சிலருக்குக் கருப்பையின் பக்கத்திலுள்ள சினைப்பையில் ஒரு கட்டி இருக்கும். மனநலப் பிரிவில் அவரைச் சேர்ப்பதில் பிழையில்லை. வலிப்பு வந்த பிறகும் அங்கேயே வைத்திருப்பதுதான் பிழை.

எண் உயர்ந்தால் எந்த உறுப்பு?

சிறுவனின் ரத்தத்தில் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. நொதிகள் உயர்ந்திருக்கின்றன. கல்லீரல் என்று கொண்டு மாதக்கணக்கில் சோதனைகள் நடக்கின்றன. இந்த நொதிகள் தசையிலும் உண்டு. கிரியாட்டின் கைனேஸ் என்ற மலிவான ஒரு சோதனையைச் சேர்த்திருந்தால், டுஷேன் தசைச்சிதைவு போன்ற தசைநோய் முதல் நாளே தெரிந்திருக்கும். தரையிலிருந்து அவன் எப்படி எழுந்திருக்கிறான் என்று கவனித்திருந்தாலும் போதும்.

ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு மருத்துவர், முழு உடலுக்கு யாருமில்லை

ஒரு நொதி குறைவதால் ஒருவகைக் கொழுப்பு உடலெங்கும் தேங்கும் ஃபாப்ரி நோய் உள்ளவரைச் சிறுநீரக மருத்துவர் பார்த்தால் சிறுநீரில் புரதம் தெரிகிறது. இதய மருத்துவருக்குத் தடித்த இதயச் சுவர் தெரிகிறது. நரம்பியல் மருத்துவர் இளவயதில் வந்த பக்கவாதத்தைப் பார்க்கிறார். தொப்புளைச் சுற்றியும் தொடையிலும் உள்ள சிறு செம்புள்ளிகளை யாரும் கேட்கவில்லை. வியர்வை சரியாக வராததையும், சிறுவயதில் காய்ச்சலின்போது கை கால் தீப்போல் எரிந்ததையும் யாரிடமும் அவர் சொல்லவில்லை. மூவரும் தம் வேலையைச் சரியாகச் செய்தும் நோய் தப்பிவிடுகிறது. எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால், பெண்கள் நோயைக் கடத்துபவர்கள் மட்டுமே என்று நெடுங்காலம் கருதப்பட்டது. பெண்களுக்கும் கடுமையாக வரலாம். அவர்களிடம் நொதிச் சோதனை இயல்பாகவே இருக்கக்கூடும் என்பதால் மரபணுச் சோதனை தேவை.

நோயாளியின் பக்கத்திலிருந்து செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை, ஒரே பக்கத்தில் காலவரிசை எழுதுவது. எந்த வயதில் எது தொடங்கியது, எந்த மருந்து கேட்டது, எது கேட்கவில்லை, எது கொடுத்ததும் மோசமானது. பருமனான கோப்பைவிட இந்த ஒரு பக்கத்தை மருத்துவர் கட்டாயம் படிப்பார். வந்து போகும் அறிகுறிகளைக் கைபேசியில் படமெடுத்து வைக்கலாம். தசைகள் எளிதில் சோர்ந்துபோகும் மயஸ்தீனியா கிராவிஸ் உள்ளவருக்கு மாலையில் இமை சரிந்து விழும். காலையில் மருத்துவர் முன்னால் உட்காரும்போது இரு கண்களும் திறந்திருக்கும். மாலையில் எடுத்த பத்து விநாடி வீடியோ நீண்ட வர்ணனையைவிட அதிகம் சொல்லும்.

குடும்பத்தைப் பற்றி அரைகுறையாகக் கேட்பது

1960-இல் மெல்போர்னில் கால் எலும்பு முறிந்த ஓர் இளைஞர் மருத்துவமனைக்கு வந்தார். எலும்பு முறிவைவிட மயக்க மருந்துதான் அவரை அச்சுறுத்தியது. உறவினர் பத்துப் பேர் ஈதர் மயக்கத்தில் இறந்திருந்தார்கள். மருத்துவர்கள் அதைப் பொருட்படுத்தினார்கள். மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா என்று இன்று அறியப்படும், மயக்க மருந்தால் உடல் வெப்பம் ஆபத்தாக ஏறும் பரம்பரைக் கோளாறு அப்படித்தான் மருத்துவ இலக்கியத்துக்குள் வந்தது. ‘குடும்பத்தில் யாருக்காவது நோய் உண்டா?’ என்ற பொதுக் கேள்விக்கு ‘இல்லை’ என்றே பதில் வரும். இளவயதில் திடீரென இறந்தவர், மயக்க மருந்தில் சிக்கலானவர், காரணம் தெரியாமல் போன குழந்தை என்று பிரித்துக் கேட்டால்தான் விஷயம் வெளிவரும்.

மறுபுறம், குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பதால் மரபணு நோயை விலக்கவும் கூடாது. பெற்றோர் இருவரும் நலமாக இருந்தும் ஒரே மரபணுவின் பழுதான பிரதியை ஆளுக்கொன்றாகக் கொடுத்திருக்கலாம். குழந்தையிடம்தான் அந்த மாற்றம் புதிதாகத் தோன்றியும் இருக்கலாம்.

செய்யாமல் இருக்க வேண்டியவை

சில நோய்களில் வழக்கமான நல்ல செயலே தீங்காகும். தசை படிப்படியாக எலும்பாக மாறும் எஃப்.ஓ.பி. என்ற மிக அரிய நோயில், கழுத்திலோ முதுகிலோ தோன்றும் கட்டியைப் புற்றுநோயென்று பயந்து பயாப்சி எடுத்தால் அந்த இடத்திலேயே எலும்பு வளரும். தசையில் போடும் ஊசியும் அப்படித்தான். பிறக்கும்போதே இரு கால்களிலும் பெருவிரல் குட்டையாகவும் மற்ற விரல்களின் பக்கம் சாய்ந்தும் இருப்பது முன்னறிவிப்பு. கத்தியை எடுக்குமுன் பாதத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து தாக்குதல்போல் வந்து போகும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற அட்ரினல் சுரப்பிக் கட்டியில், ஆல்ஃபா தடுப்பு மருந்தை முதலில் கொடுக்காமல் பீட்டா பிளாக்கரைத் தொடங்கினால் ரத்த அழுத்தம் எகிறும். அட்ரினல் சுரப்பி போதிய ஹார்மோன் சுரக்காத அடிசன் நோயில், கார்ட்டிசோல் என்ற அந்த ஹார்மோனின் குறைவைக் கவனிக்காமல் தைராய்டு மாத்திரையை ஆரம்பித்தால் நோயாளி சரிந்து விழலாம்.

சோதனையை அளவுக்கு மீறி நம்புவது

சந்தேகம் வந்ததும் இருக்கிற எல்லாச் சோதனைகளையும் எழுதுவது எதிர்த்திசைத் தவறு. கணக்கைப் பாருங்கள். லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய்; நூற்றுக்கு ஒருவரிடம் மட்டும் தவறாக ‘உண்டு’ என்று சொல்லும் நல்ல சோதனை. லட்சம் பேரைச் சோதித்தால் உண்மையான நோயாளி ஒருவர், தவறாக அச்சுறுத்தப்பட்டவர்கள் சுமார் ஆயிரம் பேர். அறிகுறிகள் வழிகாட்டினால்தான் சோதனைக்கு மதிப்பு. இணையத்தில் படித்த பட்டியலோடு தன் உடலை ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்கும் இதே கணக்கு பொருந்தும்.

மரபணு அறிக்கையில் ‘முக்கியத்துவம் தெளிவற்ற மாற்றம்’ என்று வந்தால் அது நோய் உண்டு என்ற பொருள் தராது. அதை நம்பி அறுவைக்கோ கருக்கலைப்புக்கோ முடிவெடுத்துவிடக் கூடாது; பெற்றோரையும் சோதித்து, மரபியல் ஆலோசகரோடு பேச வேண்டும். ‘ஒன்றும் இல்லை’ என்று வந்தாலும் தீர்ப்பாகிவிடாது. எக்சோம் சோதனை புரதம் உருவாக்கக் குறிப்புத் தரும் பகுதிகளை மட்டும் படிக்கிறது; மரபுத்தொகுதியில் அது 2 சதவீதத்துக்கும் குறைவு. நடை தள்ளாடச் செய்யும் ஃப்ரீட்ரைக் அடாக்சியா போல, மரபணுவில் ஒரே துண்டு திரும்பத் திரும்ப நீள்வதால் வரும் நோய்களை அது தவறவிடும். புதிய மரபணுக்கள் ஆண்டுதோறும் அடையாளம் காணப்படுவதால், பழைய தரவையே சில ஆண்டுகள் கழித்து மறுபடி ஆராயச் சொல்லிக் கேட்கலாம்.

பெயர் கிடைத்த பிறகு

நோயைக் கண்டறிந்த மருத்துவர் நள்ளிரவு அவசரப் பிரிவில் இருக்கமாட்டார். அங்கே இருப்பவர் அந்தப் பெயரை முதன்முறையாகக் கேட்பவராக இருக்கலாம். ஆகவே நோயின் பெயர், கொடுக்க வேண்டிய மருந்தும் அளவும், கொடுக்கக் கூடாத மருந்துகள், அழைக்க வேண்டிய சிறப்பு மருத்துவரின் எண் ஆகியவற்றை ஒரு தாளில் கையெழுத்தோடு வாங்கி எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். அடிசன் நோயாளிக்குக் காய்ச்சல் வந்தால் ஸ்டீராய்டு அளவைக் கூட்ட வேண்டும். மாத்திரை வாந்தியில் போய்விட்டால் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி உடனே தேவை. அந்த ஊசியைப் போடும் முறையை நோயாளி மட்டும் தெரிந்துவைத்திருந்தால் போதாது, அவர் மயங்கிக் கிடக்கும்போது பக்கத்தில் இருக்கக்கூடியவரும் கற்றிருக்க வேண்டும்.