ஓகஸ்டில் ஊருக்குப் போகிறீர்களா? கொழும்பு மழையைப் பார்த்துப் பெட்டி கட்டாதீர்கள்

பள்ளி விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு இலங்கைக்குப் புறப்படுகிறவர்கள் கைபேசியில் முதலில் பார்ப்பது கொழும்பின் வானிலையைத்தான். அங்கே மழை என்றால் கிழக்குக் கரையிலுள்ள மட்டக்களப்புக்கான பயணத்தையே கைவிடுகிறவர்களும் உண்டு. சின்னத் தீவுதானே, எங்கும் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை.

வரைபடத்தை எடுத்து மேற்குக் கரையிலுள்ள கொழும்பு, நடு மலைநாட்டிலுள்ள நுவரெலியா, கிழக்குக் கரையிலுள்ள பொத்துவில் மூன்றையும் பாருங்கள். மூன்றுமே வடக்கே 7 பாகை அகலக்கோட்டை ஒட்டி, கிட்டத்தட்ட ஒரே கோட்டில் இருக்கின்றன. ஆனாலும் ஓகஸ்டில் கொழும்பில் புழுக்கமும் விட்டு விட்டு மழையும், நுவரெலியாவில் பனிமூட்டமும் குளிரும், பொத்துவிலில் காய்ந்த தரையும் தெளிந்த கடலும் இருக்கும். நமக்கு இது புதிதல்ல. லண்டனும் கனடாவின் கல்கரியும் 51 பாகையில்தான் இருக்கின்றன. மாரியில் ஒன்றில் மழை தூறும், மற்றது உறைந்து கிடக்கும். லண்டனைக் காப்பாற்றுவது அத்திலாந்திக் கடல். இலங்கையில் வித்தியாசத்தை உண்டாக்குவது மலை.

முதலில் உயரம். ஒரு கிலோமீற்றர் மேலே போனால் வெப்பம் சுமார் 6.5 பாகை குறையும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பின் 28 பாகையில் 12 போனால் 16. அங்கே சராசரி வெப்பநிலையும் ஏறக்குறைய அதுதான். 'கனடாக் குளிரையே பார்த்தவர்கள் நாங்கள்' என்று மெல்லிய சட்டையோடு போய்விடாதீர்கள். கனடாவில் வீட்டுக்குள் ஹீற்றர் இருக்கிறது. நுவரெலியாவில் பல விடுதி அறைகளில் அது கிடையாது, ஈரக் குளிர் போர்வைக்குள்ளும் வந்துவிடும்.

அடுத்தது காற்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மத்திய மலைநாட்டில் முட்டுகிறது. மேலே ஏற ஏறக் குளிர்ந்து, மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிடுகிறது. மறுபக்கம் இறங்கும்போது ஈரம் இழந்து சூடேறி வருகிறது. கிழக்கில் கச்சான் காற்று என்பது இதைத்தான். உதடு வெடிக்கும், தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்காது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்குப் போகும் பாதையில் போங்கள். ஒரு ஓகஸ்டில் நாங்கள் போனபோது ஹக்கலை வரை எங்கள் வாகனத்தின் வைப்பர் நிற்கவே இல்லை. அதைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் இறங்கியதும் மூட்டம் விலகி, பழுத்த புல் மூடிய சரிவுகளில் வெயில் அடித்தது. சாரதி வைப்பரை நிறுத்திவிட்டு யன்னலைத் திறந்தார், சுடுகாற்று உள்ளே வந்தது. இந்தப் பக்கத்து ஊவாத் தேயிலைக்கு இந்த மாதங்களில் தனி வாசனை வருவதும் இந்த வறண்ட காற்றால்தான். போனால் கட்டாயம் ஒரு பொதி வாங்குங்கள்.

ஆகவே ஓகஸ்டில் கிழக்குக் கரையின் பாசிக்குடாவுக்கும் திருகோணமலைக்கும் தாராளமாகப் போகலாம். யாழ்ப்பாணமும் அப்போது வறட்சிதான். நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர்கள் உச்சிப்பொழுதில் வெறுங்காலோடு நிற்க வேண்டிவரும், வயதானவர்களைக் காலையிலேயே கூட்டிப் போங்கள்.

டிசெம்பர் என்றால் எல்லாம் தலைகீழ். வடகீழ்க் காற்று வடக்கையும் கிழக்கையும் நனைக்கும், கிழக்குக் கடல் கொந்தளிக்கும், தென்மேல் கரையில் காலி நகர்ப் பக்கம் அமைதியாக இருக்கும். அதற்கு முந்திய ஒக்ரோபர், நவம்பரில் மலைநாட்டுப் பயணம் போவதை ஒன்றுக்கு இரண்டு தடவை யோசியுங்கள். 2014 ஒக்ரோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் லயன் எனப்படும் வரிசை வீடுகளே புதைந்தன. மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போவதானால் மண்சரிவு எச்சரிக்கையை அன்றன்றைக்குப் பாருங்கள், இரவில் மலைப்பாதையில் வாகனம் ஓட்ட வேண்டாம்.

அப்புறம், சுவெட்டரைப் பெரிய பெட்டியின் அடியில் வைக்காதீர்கள். நுவரெலியாவுக்குக் கிட்டிய நானுஓயா நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கும்போதே தேவைப்படும்.