தேன்சிட்டைத் துரத்தாதீர்கள்: தோட்டத்துப் பறவைப் படங்கள் கெட்டுப்போவது எங்கே

காட்டுக்குள் கேமராவோடு போகிறவருக்கு அடுத்த பறவை எந்தக் கிளையில் உட்காரும் என்று தெரியாது. வீட்டுத் தோட்டத்தில் தெரியும். இரட்டைவால் குருவி தினமும் அதே கேபிள் கம்பியில்தான் வந்து உட்காரும். வெண்மார்பு மீன்கொத்திக்கு மோட்டார் ஷெட்டின் மூலை. தேன்சிட்டு ஒரு செம்பருத்திச் செடியை முடித்துவிட்டு அடுத்த இட்லிப்பூச் செடிக்குப் போகும் வழிகூட அநேகமாக மாறாது. இவ்வளவு வசதி இருந்தும் பெரும்பாலானவர்கள் பறவையைக் கண்டதும் உள்ளே ஓடி, கேமராவை எடுத்துக்கொண்டு அதை நோக்கி நடக்கிறார்கள். கிடைப்பது வால் மட்டும் தெரியும் படம்.

பறவை பறப்பதற்கு முன்பே அறிகுறி காட்டும். இறகுகளை உடலோடு ஒட்ட இறுக்கும், கழுத்தை நீட்டும், வாலைச் சொடுக்கும். அந்த நிலையில் எடுத்த படத்தில் பறவை ஒல்லியாக, மிரண்டு தெரியும். நிம்மதியாக இருக்கும் பறவை பஞ்சுபோலப் புடைத்திருக்கும், ஒரு காலை மடக்கும், இறகு கோதும். இந்த இரண்டு படங்களையும் பிரிப்பது லென்ஸின் விலை அல்ல, நீங்கள் எப்போது அங்கே போய் உட்கார்ந்தீர்கள் என்பதுதான்.

முதல் மூன்று நாள் கேமராவைத் தொடாமல் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்தப் பறவை, எத்தனை மணிக்கு, எந்தக் கொம்பில். அதே மூன்று நாளும் அந்தக் கொம்பிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி ஒரு நாற்காலியைப் போட்டு, மேலே பச்சை ஷேடு நெட் துணியைப் போர்த்தி வையுங்கள். நாற்காலி தோட்டத்தின் சாமான்களில் ஒன்றாகிவிடும். நான்காம் நாள், பறவை வரும் நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னதாகவே உள்ளே போய் உட்காருங்கள். வந்த பிறகு போகாதீர்கள். கேமரா ஏற்கெனவே கண்ணருகில் இருக்கட்டும். பறவைகளை விரட்டுவது பெரும்பாலும் மனித உருவம் அல்ல, திடீரென்று உயரும் கை.

லென்ஸுக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. 150-600 மி.மீ. லென்ஸ்கள் பலவற்றுக்கு 2.2 முதல் 2.8 மீட்டருக்கு உள்ளே வந்தால் ஃபோகஸ் பிடிக்காது. சிலர் லென்ஸ் கெட்டுவிட்டது என்று கடைக்கே எடுத்துப் போய்விடுவார்கள். பக்கவாட்டில் இருக்கும் ஃபோகஸ் லிமிட் சுவிட்சையும் பாருங்கள். அது ‘10 மீட்டர் முதல் முடிவிலி வரை’ என்று இருந்தால் முன்னால் இருக்கும் முருங்கைக்கிளை கடைசிவரை மங்கலாகவே தெரியும்.

ஜன்னலை மறைப்பாகப் பயன்படுத்துவது நல்ல யோசனை, கொசுவலையைத் திறந்துவிட்டால். வலை வழியாக எடுத்த படத்தில் கறுப்பு, வெள்ளையின் பளிச்சென்ற வேறுபாடு போய், எல்லாமே புகை மூடியதுபோல் இருக்கும். கண்ணாடி வழியாகத்தான் எடுக்க முடியும் என்றால் அறை விளக்கை அணைத்து, லென்ஸ் ஹூடை (லென்ஸின் முன் மாட்டும் வளையம்) கண்ணாடியோடு ஒட்ட வைத்து, நேருக்கு நேராக எடுங்கள். சாய்த்தால் உருவம் இரட்டையாக விழும்.

தண்ணீர் வைப்பதில் நேரும் தவறுகள்

கோடையில் பறவைக்குத் தண்ணீர் வைக்கச் சொல்லி எல்லோரும் சொல்கிறார்கள், எப்படி என்று யாரும் சொல்வதில்லை. பக்கெட்டும் ஆழமான பிளாஸ்டிக் டப்பாவும் சின்னப் பறவைக்கு ஆபத்து. வழுக்கும் விளிம்பிலிருந்து உள்ளே விழுந்தால் ஏற முடியாது. அகன்ற மண்தட்டு போதும். ஓரத்தில் 2 செ.மீ., நடுவில் 5 செ.மீ.க்கு மேல் ஆழம் வேண்டாம். உள்ளே இரண்டு கூழாங்கல் போடுங்கள்.

தண்ணீரைத் தினமும் மாற்றினால் மட்டும் போதாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டும். காய்ந்தாலும் அந்த முட்டை சாகாது. தேங்காய் நாரால் உள்சுவரைத் தேய்த்துக் கழுவித்தான் மறுபடி நிரப்ப வேண்டும்.

படத்துக்காகத் தட்டு வைக்கிறவர்கள் செய்யும் பெரிய பிழை, அதைச் சுற்றுச்சுவரை ஒட்டி வைப்பது. எந்தப் படத்திலும் பின்னால் சுண்ணாம்புச் சுவரின் கறை தெரியும். தட்டுக்குப் பின்னால் நான்கைந்து மீட்டர் வெறுமையாக இருந்து, அதற்கப்பால் செடிகள் இருந்தால் பின்னணி தானாகவே பச்சைப் பட்டாகிவிடும். விலை உயர்ந்த லென்ஸ் செய்யும் வேலையில் பாதியை இந்தத் தூரமே செய்துவிடும். அதேபோல் தட்டைச் சுற்றி இரண்டு மீட்டருக்குப் புதர் இருக்கக் கூடாது. பூனை பதுங்க இடம் கிடைத்தால் நீங்கள் வைத்தது தண்ணீர்த்தட்டு அல்ல, பொறி.

இன்னொன்று, தட்டையே படம் எடுக்காதீர்கள். தட்டுக்கு ஓரடி மேலே, சுண்டுவிரல் பருமனில் ஒரு காய்ந்த கொய்யாக் கொம்பைக் கட்டிவிடுங்கள். சின்னானாக (புல்புல்) இருந்தாலும் தையல்சிட்டாக இருந்தாலும் முதலில் கொம்பில் உட்கார்ந்து நாலாபக்கமும் பார்த்துவிட்டுத்தான் தண்ணீருக்கு இறங்கும். அந்த ஐந்து நொடிதான் படம்.

தீனி விஷயத்தில் சுருக்கமாகச் சொன்னால் மிக்ஸர், பிஸ்கட், உப்புப் போட்ட சோறு எதுவும் வேண்டாம். மாடப்புறாக்கள் கூட்டமாக வந்து மற்றவற்றை விரட்டும், மிச்சத்துக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் சாரைப்பாம்பு வரும். மரத்தில் பழுத்த ஒரு பப்பாளியைப் பறிக்காமல் விட்டால் குயிலும் சின்னானும் அணிலும் முறைவைத்து வரும். கறிவேப்பிலைப் பழத்தைக் கிள்ளிப் போடாதீர்கள், அது குயிலுக்குப் பிடித்த பண்டம்.

தேன்சிட்டு ஏன் கறுப்பாக விழுகிறது

ஆண் ஊதாத் தேன்சிட்டை நேரில் பார்த்தால் நீலமும் ஊதாவும் மின்னும். படத்தில் கரித்துண்டு மாதிரி இருக்கும். குறை கேமராவில் இல்லை. அந்த நிறம் சாயத்தால் வருவதல்ல, இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. ஒளி உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து போய்ப் பறவையின் மேல் பட்டால்தான் அது உங்கள் பக்கம் திரும்பும். வெளிச்சம் பக்கவாட்டிலோ எதிரிலோ இருந்தால் கறுப்புதான். ஆகவே காலையில் எடுப்பதாக இருந்தால் உங்கள் முதுகு கிழக்கே இருக்கும்படி நாற்காலியைப் போடுங்கள். டிசம்பரில் சூரியன் கிழக்கிலிருந்து தெற்கே தள்ளியும் ஜூனில் வடக்கே தள்ளியும் உதிக்கும் என்பதால், மார்கழியில் சரியாக இருந்த இடம் ஆனியில் சரியாக இருக்காது. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் இந்த ஆண் குருவி மஞ்சள் வயிற்றோடு, நடுவில் ஒரு கறுப்புக் கோடு மட்டும் வைத்துக்கொண்டு திரியும். வேறு இனம் என்று நினைத்துப் பெயர் மாற்றிப் போட்டுவிட வேண்டாம்.

செம்பருத்தியில் பூவின் முகத்துக்கு நேராகக் காத்திருப்பதும் வீண். தேன்சிட்டு பெரும்பாலும் முன்பக்கம் வராது. பூவின் அடியில், பச்சைப் புல்லிவட்டத்தை ஒட்டி அலகால் குத்தித் தேனை உறிஞ்சிவிடும். பூ பக்கவாட்டில் தெரியும் இடத்தில் உட்காருங்கள்.

உச்சி வெயிலில் எடுக்க வேண்டாம் என்பதை எல்லோரும் சொல்வார்கள், நம் ஊரில் அதற்குக் காரணம் கூடுதல். சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் கிட்டத்தட்டத் தலைக்கு நேர் மேலே நிற்கும். அந்த நாட்களில் பறவையின் முதுகு வெளுக்கும், கண் இருட்டில் போகும். பத்து மணிக்கு மேல் மொட்டைமாடித் தளத்திலிருந்து எழும் அனல் இன்னொரு வில்லங்கம். காற்றே நெளிவதால் எவ்வளவு கூர்மையான லென்ஸும் சோப்புத் தண்ணீரில் பார்த்ததுபோல் படம் தரும். காலை ஆறேகாலிலிருந்து எட்டரை, மாலை நான்கிலிருந்து சூரியன் மறையும் வரை. நடுப்பகலில் பிடிவாதம் பிடித்தால் மாமர நிழலில் இருக்கும் பறவையை எடுங்கள்.

வெளிச்ச அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்பதில் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைக் கண்டாலும் சாம்பலாக்கப் பார்க்கும். ஃபிரேம் நிறைய வெள்ளைக் கொக்கு என்றால் அதை மங்கலாக்கும், அதனால் கூட்ட வேண்டும். ஆனால் இருண்ட செடிகளின் நடுவே சின்னதாக ஒரு கொக்கு நின்றால் மீட்டர் செடியைப் பார்த்துக் கொக்கை வெளுத்துவிடும், அப்போது ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் பாதியாகும் அளவு, குறைக்க வேண்டும். ஃபிரேம் நிறையக் காக்கை என்றால் முக்கால் ஸ்டாப் குறைக்கலாம். அதே காக்கை வானத்துக்கு எதிரே கம்பியில் இருந்தால் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் கூட்டினால்தான் கண் தெரியும். பறவையின் நிறத்தை மட்டும் பார்க்காமல் ஃபிரேமில் எது அதிக இடம் பிடித்திருக்கிறது என்று பாருங்கள்.

கூர்மை

600 மி.மீ. லென்ஸ், துளை அளவு எஃப் 6.3, பறவை மூன்று மீட்டர் தூரம். இந்த அளவில் கூர்மையாக விழும் ஆழம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. அலகு நுனியில் ஃபோகஸ் நின்றால் கண் மங்கிவிடும். ஒரே ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்து கண்ணின்மேல் வையுங்கள். விலங்குக் கண் கண்டறியும் வசதி உள்ள கேமராவும் இலைகளுக்கு நடுவே ஏமாறும். வெளிச்சம் இருந்தால் துளையைச் சிறிதாக்கி எஃப் 9, எஃப் 11 வரை போகலாம்.

உட்கார்ந்திருக்கும் பறவைதானே என்று 1/125 நொடி ஷட்டர் வேகத்தில் எடுக்கிறார்கள். தையல்சிட்டு ஒரு நொடிகூடத் தலையை அசைக்காமல் இருக்காது. அமர்ந்திருக்கும் பறவைக்கு 1/500, அணிலுக்கு 1/1000, பூவின் முன் சிறகடித்து நிற்கும் தேன்சிட்டுக்கு 1/3200. இதற்காக ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓ 3200-க்குப் போனாலும் பரவாயில்லை. துகள் துகளாகத் தெரிவதைப் பிறகு மென்பொருளில் குறைக்கலாம், அசைந்த படத்தை எதுவும் சரிசெய்யாது. ஐஎஸ்ஓவைக் குறைவாக வைத்து இருட்டாக எடுத்துப் பிறகு வெளுப்பாக்கினாலும் அதே துகள்தான் வரும். ஒரு எச்சரிக்கை: சத்தமே இல்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் பல கேமராக்களில் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கும். அதற்குள் சிறகு நகர்ந்து, ரப்பர் போல வளைந்து விழும். பறக்கும் பறவைக்கு மெக்கானிக்கல் ஷட்டரே நல்லது.

செல்போனில் எடுப்பவர்கள் விரலால் இழுத்துப் பெரிதாக்குவதை நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். போனைத் தட்டுக்கு அருகே சின்ன ஸ்டாண்டில் நிறுத்தி, புளூடூத் ரிமோட்டோடு வராந்தாவில் உட்காருங்கள்.

கூடு

இங்கே செய்யும் தவறுக்கு விலை கொடுப்பது படம் அல்ல. தையல்சிட்டு அகன்ற இலைகளை மடித்துத் தைத்துக் கூடு கட்டும். தேன்சிட்டு சிலந்தி நூலும் மரப்பட்டைத் துணுக்கும் சேர்த்து வாசல் கொடியிலேயே தொங்கவிடும். படத்துக்கு மறைக்கிறது என்று ஓர் இலையைக் கிள்ளினால், சித்திரை வெயில் நேராகக் குஞ்சின்மேல் விழும். காக்கைக்கும் செண்பகப் பறவைக்கும் வழி திறந்துவிடும். இலையை நூலால் கட்டி ஒதுக்கிவிட்டு அப்புறம் அவிழ்த்துவிடுகிறேன் என்பவர்களும் உண்டு. அந்த அரைமணி நேரம் போதும்.

அலகில் புழுவோடு தாய் அருகிலிருக்கும் கிளையில் வந்து உட்கார்ந்து, கூட்டுக்குள் போகாமல் தயங்குகிறதா? தடை நீங்கள்தான். எழுந்து போய்விடுங்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதை ‘வேட்டை’ என்ற சொல்லின் விளக்கத்துக்குள்ளேயே சேர்த்திருக்கிறது.

போனில் பறவையின் குரலைப் போட்டு அழைப்பதும் இதே வகைதான். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டது என்று நினைத்து ஆண் பறவை தீனியை விட்டுவிட்டு அலைந்து தேடும். படம் வரும், சந்தேகமில்லை. அதில் இருப்பது கோபம்.

இரவும் தரையும்

புள்ளி ஆந்தையின் முகத்தில் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். அந்தி வெளிச்சத்திலேயே அது பொந்தைவிட்டு வெளியே வரும், ஐஎஸ்ஓ 6400-இல் எடுத்துவிடலாம். மரநாய் வருவதாகச் சந்தேகம் இருந்தால், வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு டிரெயில் கேமராவை (விலங்கு அசைந்தால் தானே படமெடுப்பது) மரத்தில் முழங்கால் உயரத்தில் கட்டுங்கள். எல்இடி விளக்கில் எடுக்கும்போது படத்தில் பட்டை பட்டையாக விழுந்தால் ஷட்டரை 1/100-க்கோ 1/50-க்கோ இறக்கிப் பாருங்கள், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்.

உதிர்ந்த இலைகளைத் தினமும் கூட்டி எரிக்கும் தோட்டத்துக்கு ஆறுமணிக்குருவி வராது. அக்டோபர் வாக்கில் வடக்கேயிருந்து வந்து ஏப்ரல் வரை தங்கும் இந்தப் பறவை, சருகைப் புரட்டிப் புழு தின்று வாழ்வது. இரவில் பறந்து வந்து களைத்து வீட்டு முற்றத்தில் விழுவதும் உண்டு. அப்போது கையில் பிடித்துப் படம் எடுக்காமல், துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, தெளிந்ததும் மரநிழலில் திறந்துவிடுங்கள்.

தரைப் பறவைகளை நின்றுகொண்டு எடுத்தால் முதுகுதான் கிடைக்கும். கொண்டலாத்தியின் கண் உயரத்துக்குப் படுத்து எடுக்க வேண்டும். ஆனால் படுக்கும் முன் ஒரு நீளக் கம்பால் சருகைக் கிளறிப் பாருங்கள். கண்ணாடிவிரியன் சருகோடு சருகாகக் கிடக்கும்.

லென்ஸில் பூஞ்சை

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கேமராவைத் துணிப்பையில் போட்டு பீரோவில் வைத்தால், பொங்கலுக்கு எடுக்கும்போது கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருக்கும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடும் ஒரு சின்ன ஈரப்பத மீட்டரோடும் வையுங்கள். 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். நீல ஜெல் இளஞ்சிவப்பானதும் சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். ஏசி அறையிலிருந்து நேராகத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தால் லென்ஸில் நீர்த்திவலை படரும். முந்தின இரவே பையோடு வராந்தாப் பக்க அறையில் வைத்துவிட்டால் காலை ஆறேகால் மணிப் பறவையைத் தவறவிட மாட்டீர்கள்.