பக்கத்து வீட்டுக்காரங்கள சர்ச்சுக்கு கூப்பிடணுமா? மொதல்ல எந்த நாள்னு பாருங்க

"ஒரு தடவ சர்ச்சுக்கு வாங்களேன்"னு பொதுவா சொல்லி வைக்கிறத கூப்பிடுறதுன்னு சொல்ல முடியாது. அவங்க "பாக்கலாம்"னு சொல்லிட்டு போயிருவாங்க, நாமளும் சாட்சி சொல்லியாச்சுன்னு திருப்தியா இருந்துக்குவோம். கூப்பிட்டா கல்யாணத்துக்கு பத்திரிக்கை வைக்கிற மாதிரி கூப்பிடணும், எந்த நாளு, எத்தன மணிக்கு, எப்ப முடியும், சாப்பாடு உண்டா, யாரு கூட உக்காரணும் எல்லாம் சொல்லி. நான் எங்க திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்து சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை) சபைகள மனசுல வச்சுதான் எழுதுறேன், மத்த சபைக்காரங்க உங்க வழக்கத்துக்கு தக்கன மாத்திக்கோங்க.

நாள்தான் பாதி வேலை. பெரிய வெள்ளிக்கு 12 மணில இருந்து 3 மணி வரைக்கும் நடக்கிற மும்மணி ஆராதனைக்கு புது ஆள கூட்டிட்டு போய் உக்கார வச்சீங்கன்னா அடுத்த தடவ நீங்க போன் பண்ணா எடுக்க மாட்டாங்க. கிறிஸ்மஸ் விடியக்காலை ஆராதனையும் அப்படித்தான், நம்ம வீட்டு பிள்ளைகளையே எழுப்ப முடியல. திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் குடுக்கிறது) இருக்கிற ஞாயிறும் மொத தடவைக்கு வேண்டாம், எல்லாரும் எழும்பி முன்னாடி போகும்போது அவங்க மட்டும் பெஞ்சுல உக்காந்துகிட்டு நாமளும் போகணுமா வேண்டாமான்னு முழிக்கணும். தப்பிக்க முடியலன்னா "நீங்க உக்காந்திருங்க, யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க"ன்னு முன்னாடியே சொல்லிருங்க.

என்னைய கேட்டா அறுப்பின் பண்டிகையும் அசனமும்தான் பெஸ்ட். அறுப்பின் பண்டிகைக்கு வாழத்தார், தேங்கா, முருங்கக்கா, கோழி, ஆடு, வீட்டுல செஞ்ச பலகாரம்னு காணிக்கையா வந்து குவியும், ஆராதனை முடிஞ்சதும் ஏலம். ஏலத்துல வெளியாளும் கேக்கலாம், ஒத்த தேங்காய்க்கு ரெண்டு மாமாங்க மல்லுக்கட்டி வெலைய ஏத்திகிட்டே போறத பாத்தா சிரிக்காம இருக்க முடியாது, ஆனா அந்த காசு சபைக்கு போகுதுன்னு சொல்லி வைங்க, இல்லன்னா இந்த மனுசனுக்கு என்ன கிறுக்கான்னு நினைப்பாங்க. அசனம்னா சோறும் ஆட்டுக்கறி கொழம்பும், பல ஊர்ல மதம் பாக்காம ஊரே வந்து பந்தில உக்காரும், அதனால நீங்க கூப்பிடுறதுல யாருக்கும் ஒரு கூச்சமும் இருக்காது. சைவம் சாப்பிடுறவங்களான்னு மட்டும் மொதல்லயே விசாரிச்சுக்கோங்க.

வாட்ஸப்ல இப்படி போடலாம்: "அக்கா, வர்ற ஞாயிறு எங்க சர்ச்ல அறுப்பின் பண்டிகை. 9 மணிக்கு ஆராதனை, அப்புறம் ஏலம், 12 மணிக்குள்ள வீட்டுக்கு வந்துரலாம். பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க, நாங்க கேட்டுல நிப்போம். வேற ஜோலி இருந்தா பரவால்ல அக்கா." கடைசி வரி ரொம்ப முக்கியம், அத வெட்டிறாதீங்க. தினமும் காலைல வசனம் பார்வர்டு பண்றவரா இருந்தீங்கன்னா கூப்பிடுறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே அத நிறுத்திருங்க, உங்க மெசேஜ தொறந்து பாக்கணும்ல. அப்புறம் அவங்க கொலுவுக்கோ பொங்கலுக்கோ கூப்பிடும்போது சாக்கு சொல்லிட்டு போகாம இருந்துட்டு நீங்க மட்டும் அவங்கள கூப்பிடுறது எனக்கு நியாயமா தெரியல.

வர்ற அன்னைக்கு செருப்ப எங்க விடணும், ஆம்பளைங்க ஒரு பக்கம் பொம்பளைங்க ஒரு பக்கம் உக்காருற கோயிலா, முக்காடு போடணுமா (போடலன்னாலும் ஒண்ணும் இல்ல), இதெல்லாம் வாசல்லயே சொல்லிருங்க. காணிக்கை பை வரும்போது போடணும்னு கட்டாயம் இல்லன்னும் சொல்லுங்க. பாட்டு புஸ்தகத்த நம்பர் எடுத்து கையில குடுங்க. பாட்டுல ருசி உள்ளவங்கன்னா கீர்த்தனை பாடுற ஆராதனையா பாத்து கூட்டிட்டு போங்க, வேதநாயக சாஸ்திரியார் 1774ல பாளையங்கோட்டையில பொறந்தவரு, தஞ்சாவூர் சரபோஜி மன்னர் காலத்து கவிராயர், அவரு பாட்டெல்லாம் ராகம் தாளத்தோட இருக்கும், கேட்டுட்டு "கச்சேரி மாதிரில்லா இருக்கு"ன்னு சொல்லுவாங்க. ஐயருகிட்ட (எங்க பக்கம் சபை போதகர அப்படித்தான் சொல்லுவோம்) முன்கூட்டியே ஒரு வார்த்தை போட்டு வைங்க, "புதுசா வந்தவங்க எழும்பி நில்லுங்க, பேரு சொல்லுங்க"ன்னு மைக்க நீட்டுறது மட்டும் வேண்டாம்னு.

விசுவாசத்த பத்தி பேசுறது அவங்க கேக்கும்போது. 1 பேதுரு 3:15ல கேக்குறவங்களுக்கு பதில் சொல்ல ரெடியா இருன்னுதான் இருக்கு, அதுவும் சாந்தத்தோட. உங்க வாழ்க்கையில நடந்தத அஞ்சு நிமிசத்துல சொல்லுங்க, அவங்க சாமிய பத்தி ஒரு வார்த்தை கொறையா பேசாதீங்க. வாசிக்க ஏதாவது குடுங்கன்னு கேட்டா முழு பைபிள தூக்கி குடுக்காம மாற்கு சுவிசேஷம் மட்டும் குடுங்க, 16 அதிகாரம்தான், ஒரே மூச்சுல படிச்சுரலாம். உடம்பு சரியில்லாதவங்கன்னா "உங்களுக்காக ஜெபம் பண்ணட்டுமா"ன்னு கேட்டுட்டு பண்ணுங்க, சுகமாயிரும்னு வாக்கு குடுக்காதீங்க, மாத்திரைய நிப்பாட்டுன்னு சொல்றது பாவம். உங்களுக்கு கீழ வேலை பாக்குறவங்கள கூப்பிடாம இருக்கிறதே நல்லது, முதலாளிகிட்ட அவங்களால வரலன்னு சொல்ல முடியாது. பெத்தவங்களுக்கு தெரியாம பிள்ளைகளையும் கூட்டிட்டு போகக்கூடாது.

சட்டத்தையும் தெரிஞ்சுக்கோங்க. அரசியல் சாசனம் 25வது பிரிவு மதத்த பரப்புற உரிமைய குடுக்குது, ஆனா அடுத்தவங்கள மதம் மாத்துற உரிமை அதுல அடங்காதுன்னு சுப்ரீம் கோர்ட் 1977லயே சொல்லிருச்சு. தமிழ்நாட்டுல 2002ல வந்த கட்டாய மதமாற்ற தடைச் சட்டத்த 2004ல எடுத்துட்டாங்க, ஆனா உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், குஜராத்ல எல்லாம் தனிச் சட்டம் இருக்கு, வேலைக்கு அங்க போயிருக்கிறவங்க கவனம். எந்த ஊரா இருந்தாலும் பணம், சேலை, ஸ்கூல் சீட்டுன்னு எதையும் இதோட சேக்காதீங்க.

வரலன்னு சொல்லிட்டாங்கன்னா ஏன்னு கேக்காதீங்க. ஏலத்துல எடுத்த வாழத்தாருல ரெண்டு சீப்ப குடுத்துட்டு வந்துருங்க, அடுத்த வருசம் பண்டிகைக்கு இன்னொரு தடவ சொல்லலாம்.