கம்பத்து (கிராமத்து) வீட்டுக்கு செப்டிக் தொட்டி: குழி தோண்டும் முன் மண்ணைப் பாருங்கள்

பினாங்கு மாநிலத்தின் நிபோங் தெபாலில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது அம்மாவின் வீடு. பொதுக் கழிவுக் குழாய் அந்தப் பக்கம் வரவில்லை. பழைய தொட்டி விரிசல் விட்டதால் புதிதாக வைத்தேன், அது முதல் மழைக்காலத்திலேயே அடைத்துக்கொண்டது, மறுபடியும் தோண்டினேன். குழாய் ஒட்டுவதும் சிமெண்ட் பூசுவதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் அளவு. மலேசியாவில் ஓர் ஆளுக்கு நாளுக்கு 225 லிட்டர் கழிவுநீர் என்று கணக்குப் போடுவார்கள். ஐந்து பேருக்கு 1125 லிட்டர். இது தொட்டியில் ஒரு நாளாவது நின்றால்தான் கசடு அடியில் இறங்கும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும். கசடுக்கு ஆளுக்கு வருஷம் 40 லிட்டர் வைத்தால் இரண்டு வருஷத்துக்கு 400. மொத்தம் 1500 சொச்சம்தான் வருகிறது, ஆனாலும் 2500 லிட்டருக்குக் குறையாதீர்கள், தீபாவளிக்கு வீடு நிறைய ஆள் இருக்கும். உள்ளே இரண்டு அறை, முதல் அறை மூன்றில் இரண்டு பங்கு. கூரைத் தண்ணீரை இதில் விடவே வேண்டாம்.

இனி மண். நான் தவறிய இடம் இதுதான். தொட்டியிலிருந்து வெளியேறும் நீரை மண் உறிஞ்சுமா என்று பார்க்க 30 சென்டிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி, மண்வெட்டி தேய்த்து வழுவழுப்பாகிய சுவரைக் கீறிவிட்டு, ராத்திரி முழுக்க தண்ணீர் ஊற வைத்தேன். மறுநாள் மீண்டும் நிரப்பிக் குச்சியில் குறி வைத்து அளந்தேன். 25 மில்லிமீட்டர் இறங்க 35 நிமிஷம். (60 நிமிஷத்தைத் தாண்டினால் அந்த மண்ணை நம்பாதீர்கள்.) வேலை எடுத்தவரும் இது போதும் என்றார், தொட்டி நீர் மண்ணில் இறங்க வாய்க்கால் வெட்டி, ஜல்லி போட்டு மூடிவிட்டோம்.

அது பிப்ரவரி. பினாங்கில் அப்போது வறண்ட காலம், செப்டம்பர் தொடங்கி நவம்பர் வரைதான் நல்ல மழை. நவம்பரில் தோண்டிப் பார்த்தால் ஓரடி ஆழத்திலேயே நிலத்தடி நீர் நிற்கிறது, வாய்க்கால் முழுக்க அதில் முங்கிக் கிடக்கிறது, அம்மா கழிப்பறையில் தண்ணீர் ஊற்றினால் அது திரும்பி மேலே வருகிறது. மண் எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது என்று மட்டும்தான் நான் அளந்திருந்தேன், மழையில் நீர் எவ்வளவு உயரம் ஏறும் என்று பார்க்கவே இல்லை.

மழைக்காலம் வரை காத்திருக்க முடியாது என்றால் ஒன்றரை மீட்டர் ஆழம் தோண்டி ஒவ்வோர் அடியிலும் ஒரு மண்கட்டியை எடுத்துக் கையில் உடைத்துப் பாருங்கள். ஒரே செம்மண் நிறமாக இருந்தால் சரி. சாம்பல் நிறத்தில், நடுநடுவே துருப்பிடித்த ஆணி போலச் செம்புள்ளிகள் தெரிந்தால் வருஷத்தில் கொஞ்ச காலம் நீர் அந்த உயரம் வரை ஏறி நிற்கிறது என்று அர்த்தம். எங்கள் குழியில் அது ஓரடி ஆழத்திலேயே தெரிந்தது. வாய்க்காலின் அடிக்கும் அந்தப் புள்ளிகளுக்கும் நடுவே குறைந்தது 60 சென்டிமீட்டர் காய்ந்த மண் வேண்டும்.

எங்களுக்கு அது கிடைக்காததால், கழுவிய பெருமணலைக் கொட்டித் தரைக்கு மேலே மேடு கட்டி, சின்ன பம்ப் வைத்து நீரை அங்கே ஏற்றினோம். எங்கள் மண் சதுர மீட்டருக்கு நாளுக்கு 18 லிட்டர் உறிஞ்சும் என்று எடுத்துக்கொண்டேன். 1125ஐ அதால் வகுத்தால் மேட்டின் பரப்பு 62 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். செலவு கூடுதல்தான். ஆனால் தொட்டி நீரை நேரே சாலையோரக் கால்வாயில் விடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அதன் கரையில்தான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். கிணறு இருந்தால் மேட்டை 30 மீட்டராவது தள்ளிப் போடுங்கள்.

தொட்டியை இறக்கும்போது உள்ளே வரும் குழாய், வெளியே போகும் குழாயைவிட 75 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். இதற்கு ரசமட்டத்தைவிடத் தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலே எனக்குப் பிடிக்கும், பத்து மீட்டர் தூரத்துக்கும் ஏமாற்றாது. இரண்டு முனையிலும் T வடிவக் குழாய் இணைப்பை மாட்டி, அதன் கீழ்ப்பகுதியை நீருக்குள் இறக்குங்கள், இல்லையென்றால் மிதக்கும் பிசுக்கு வாய்க்காலுக்குப் போய் மண்ணை அடைத்துவிடும்.

பிற்சேர்க்கை: பிளாஸ்டிக் தொட்டி மழையில் மேலே எழும்பிவிட்டது என்று சுங்கை பாக்காப்பிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். காலித் தொட்டி படகு மாதிரி, நிலத்தடி நீர் ஏறினால் மிதக்கும். இறக்கிய அன்றைக்கே தண்ணீர் நிரப்புங்கள், கீழே கான்கிரீட் தளம் போட்டுத் தொட்டியை அதோடு வாரால் கட்டுங்கள்.

இன்னொருவர் கசடு எடுப்பதைப் பற்றிக் கேட்டார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இண்டா வாட்டர் (மலேசியாவின் கழிவுநீர் நிறுவனம்) மாதிரி உரிமம் உள்ளவர்களைக் கூப்பிடுங்கள், லோரி நிற்க இடம் விட்டு, மூடியை மண்ணுக்கு மேலே வையுங்கள். அடைப்பு எடுக்கிறேன் என்று யாரும் தொட்டிக்குள் தலையை நீட்டவோ இறங்கவோ வேண்டாம். உள்ளே இருக்கும் வாயு ஒரு மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும், காப்பாற்றப் போகிறவரையும் சேர்த்து.